டைலேட் ரூம் வள்ளிக்கண்ணு

திருச்சி தென்னூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே ஒவ்வொரு அறைக்கும் கதவுக்கு மேலே பலகை உண்டு. அதில் ஒரு பலகையை மட்டும் இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. உள்ளே போகிறவர்களுக்கு அவசரம். வெளியே வருகிறவர்களுக்குக் கண் தெரியாது. ஊழியர்கள் அதை டைலேட் ரூம் என்பார்கள். வருகிற ஜனம் சொட்டு ரூம் என்று சொல்லும். அரசி, சிப்பந்தி, காவல்காரி மூன்றும் அங்கே ஒரே ஆள். பெயர் வள்ளிக்கண்ணு. கண் ஆஸ்பத்திரிக்கென்றே பெயர் வைத்தார்களா என்று கேட்காத நோயாளி கிடையாது. அவளும் முதல்முறை கேட்பது போலவே சிரித்து வைப்பாள்.

வேலை சின்ன வேலைதான். மோவாயை நிமிர்த்தி, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து, சிவப்பு மூடி பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு. கண்ணை மூடச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், கடுகு மாதிரி இருந்த கண்மணி மிளகாகி, மிளகு சுண்டைக்காயாகியிருக்கும். அந்த அகலம் வந்தால்தான் டாக்டர் உள்ளே எட்டிப் பார்க்க முடியும். இதிலே ஒரு விசித்திரம் உண்டு. கண் எவ்வளவு அகலத் திறக்கிறதோ அவ்வளவுக்கு டாக்டருக்கு எல்லாம் தெரியும், கண்ணுக்குச் சொந்தக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. வாசல் பெரிதாகிறது, வீட்டுக்காரன் குருடாகிறான். வள்ளிக்கண்ணுவுக்கு இது ரொம்ப நாளாகவே ஆச்சரியம்.

முசிறியில் பத்தாவது முடித்துவிட்டு, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் மூக்கனுக்கு வாழ்க்கைப்பட்டு, ஸ்ரீரங்கம் மேலூரில் குடியிருப்பவள் அவள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்பதுதான் அவள் பதில். ஆனால் ஒரு வார்த்தை மட்டும் அவளுக்குச் சொந்தம். டைலேட். நாள் முழுக்க அதைச் சொல்கிறாள், அதைச் செய்கிறாள், அதற்காகக் கெஞ்சவும் செய்கிறாள். சர்க்கரை வியாதிக்காரர்கள் கண்மணி லேசில் விரியாது. "கொஞ்சம் டைலேட் ஆகுங்கய்யா, சாப்பாட்டு நேரம் ஆகுது" என்று அவள் மன்றாடுவதைக் கேட்டால் அந்த ஆளே ஏதோ பிடிவாதம் பிடிப்பது மாதிரி இருக்கும்.

அந்த வார்த்தை தன் அறையை விட்டு வெளியிலும் திரிகிறது என்று அவளுக்குத் தெரியவந்தது நாத்தனார் ஜோதியின் பிரசவத்தின்போதுதான். பிரசவ அறையிலிருந்து வந்த நர்ஸ், "இன்னும் டைலேட் ஆகலைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வள்ளிக்கண்ணுவுக்குப் புறத்தியார் வீட்டில் தன் குழந்தையைப் பார்த்தது போல் இருந்தது. பின்னாலேயே போய், எப்படிப் பார்ப்பீங்க, எதை வைத்து அளப்பீங்க, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தொழில்முறையில் விசாரித்தாள். நர்ஸ் அவளைப் பிள்ளைத்தாச்சியின் அண்ணியாக மட்டும் பார்த்து, "வெளிய உக்காருங்கக்கா" என்றாள்.

அடுத்து, மேலூரில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சு படபடப்பு என்று ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் டைலேட் ஆகியிருக்கிறது என்றார்கள். வீடே அழுதது. ஆறுதல் சொல்லப் போன வள்ளிக்கண்ணு குழம்பிப்போய்த் திரும்பினாள். "எங்க ஆஸ்பத்திரியில ஆகலையேன்னு கவலைப்படறோம். ஜோதிக்கு ஆகலையேன்னு கவலைப்பட்டோம். இங்க ஆயிடுச்சேன்னு அழறாங்க. என்னங்க வார்த்தை இது?" என்று மூக்கனிடம் கேட்டாள். மூக்கன் நிதானமாக யோசித்து, "எது விரியுதுங்கறதைப் பொறுத்தது" என்றான். ஒர்க்‌ஷாப்பில் இரும்பு சூட்டில் விரிவதைப் பார்த்த அனுபவம்.

இந்தக் குழப்பத்தை முழுசாகக் காது கொடுத்துக் கேட்டவர் ஒருவர்தான். வடக்கு உத்திர வீதி ஸ்ரீரங்கராஜன். காலேஜில் இங்கிலீஷ் புரொபசராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு, அதனால் வருஷம் தவறாமல் கண்ணைக் காட்ட வருவார். சொட்டு விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாலும் வாயை மூட மாட்டார்.

"ஃபைல்ல என்ன எழுதிருக்கா பாரு. பேஷண்ட் டைலேட்டடாம். மனுஷன் எப்படிம்மா டைலேட் ஆவான்? அவன் கண்மணின்னா ஆகும்."

"இங்க மனுஷனே ஆவான் சார். போன வாரம் ஒருத்தர் சொன்ன பேச்சைக் கேக்காம தனியாக் கிளம்பி, பஸ் மாறி ஏறி, சமயபுரம் போயிட்டார்."

"அம்பாள் அனுக்கிரகம்னு நெனைச்சுக்க வேண்டியதுதான்."

சுவரில் மேனேஜர் அருள்ராஜ் சொந்தமாக எழுதி மாட்டிய இங்கிலீஷ் அறிவிப்பு ஒன்று உண்டு. உங்கள் கண்கள் எக்ஸ்பேண்ட் செய்யப்படும் என்கிறது அது. சொட்டு விடும் முன் அதைப் படித்துவிட்டு ஸ்ரீரங்கராஜன் விழுந்து விழுந்து சிரித்தார். "கண்ணு எக்ஸ்பேண்ட் ஆனா மண்டை என்னத்துக்கு ஆறது? வியாபாரம் எக்ஸ்பேண்ட் ஆகும். ரோடு வைடன் ஆகும். புத்தி பிராடன் ஆகும், ஆகணும்னு ஆசை. கண்மணிதான் டைலேட் ஆகும். வெள்ளைக்காரன் விரியறதுக்கெல்லாம் தனித்தனியா ரூம் போட்டு வெச்சிருக்கான்."

"நமக்கு அந்தத் தொல்லையே இல்ல சார். பூ விரியுது, பாயை விரிக்கிறோம், கண்ணு விரியுது. ஒண்ணே போதும்."

"போதுமா? கடையை விரிக்கிறதும் விரிவாக்கறதும் ஒண்ணா? பிளாட்பாரத்துக்காரன் கிட்டப் போய்க் கேளு."

வள்ளிக்கண்ணு ஒத்துக்கொண்டாள். அவர் அதோடு நிறுத்தவில்லை. அந்தக் காலத்தில் ஒருவர் ஒரு விஷயத்தை விஸ்தாரமாகப் பேசினால் அதற்கும் இங்கிலீஷில் டைலேட் என்றே சொல்வார்களாம். இன்றைக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை, அது வழக்கொழிந்து போயிற்று என்பதை, எப்போது ஒழிந்தது, ஏன் ஒழிந்தது, யார் யார் அதற்குக் காரணம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கண்மணியும் சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டன.

"சொல்றதுதான் ஒழிஞ்சிருக்கு சார். செய்யறது ஒழியலை" என்றாள் வள்ளிக்கண்ணு.

அவருக்கு உறைக்க ஒரு நொடி ஆயிற்று. அப்புறம் கண்ணை மூடியபடியே தொடையைத் தட்டிச் சிரித்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவளுக்கு இந்த வருஷம் ஓர் ஆசை வந்தது. ஆஸ்பத்திரி ஸ்ரீரங்கத்தில் ஒரு கிளை திறக்கிறது. அதற்கு ஓர் இன்சார்ஜ் வேண்டும். நோயாளிகளுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, புது ஊழியர்களைப் பழக்குகிற ஆள். டாக்டர்கள் வள்ளிக்கண்ணு பெயரைச் சொன்னார்கள். கிடைத்தால் அந்த அரையிருட்டு அறையிலிருந்து வெளிச்சத்துக்கு வரலாம். கிடைக்காவிட்டால் டிப்ளமா படித்த யாரோ வெளியூரிலிருந்து வருவார்கள். அப்புறம் ஓய்வு பெறுகிற வரைக்கும் டார்ச்சும் சொட்டும்தான். முடிவு செய்யப்போகிறவர் புனேயிலிருந்து ஆய்வுக்கு வரும் டாக்டர் மேடம். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு தாளைக் கொடுப்பார், படித்து, அவருக்கு இங்கிலீஷிலேயே விளக்க வேண்டும். அருள்ராஜ் மாதிரித் தாள் ஒன்று கொடுத்திருந்தார். வள்ளிக்கண்ணு அதைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அடுப்படியில் படித்தாள், பஸ்ஸில் படித்தாள். தாளிக்கும்போது, "யுவர் விஷன் வில் பி பிளர்ட்" என்று வாணலியைப் பார்த்துச் சொன்னாள். மூக்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

ஆய்வு நாள் காலையில் அவள் சீக்கிரமே வந்து அறையைத் துடைத்தாள். மேல் தட்டில் எப்போதும் இருக்கும் வெள்ளை மூடி பாட்டில்களைக் கீழே வைத்தாள். அவை வெறும் கண்ணீர் மருந்து, கண் காய்ந்தவர்களுக்கு விடுவது. வருகிறவர் கண்ணில் முதலில் படட்டும் என்று சிவப்பு மூடிகளை மேல் தட்டில் வரிசையாக நிறுத்தினாள். பார்க்க லட்சணமாக இருந்தது.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டமெல்லாம் இல்லை, வள்ளிக்கண்ணுவே ஏற்படுத்தியது. புதிதாகச் சேரும் பெண் நோயாளியைத் தொடுவதற்கு முன் முதல் சொட்டை வள்ளிக்கண்ணுவின் கண்ணில் விட வேண்டும். வெள்ளை மூடி மருந்துதான், கெடுதல் இல்லை. கை நடுங்கினால் தன் கண்ணில் நடுங்கட்டும் என்பது அவள் கணக்கு. முதல் நாள் பதிவு வேலையிலேயே போய்விட்டதால் கனிஷ்கா என்ற புதுப் பெண் அன்றைக்குத்தான் அறைக்கு வந்தாள். பாட்டிலைக் கையில் வாங்கும் முன்பே நடுங்கினாள்.

"இன்னிக்கு வேணாமேக்கா. மேடம் வராங்களே."

"மேடம் வந்தா கை நடுங்காமப் போயிடுமா? மேல் தட்டுல இருக்கறதை எடு."

வள்ளிக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்து, நோயாளிகளிடம் சொல்வது போலவே தனக்கும் சொல்லிக்கொண்டு, மேலே ஃபேனைப் பார்த்தாள். ஃபேனைப் பார்க்கிறவர்களுக்கு பாட்டில் தெரியாது. வலது கண்ணில் ஒன்று. சொட்டு விழும்போது பேசினால் புதுசு பயந்துவிடும் என்று அவள் வாயைத் திறப்பதில்லை. இடது கண்ணிலும் ஒன்று. அதற்குள் வலது கண் சுரீரென்று எரிய ஆரம்பித்தது. கண்ணீர் மருந்து எரியாது.

"என்ன கலர் மூடி?"

"சிவப்புக்கா." கனிஷ்காவின் குரல் தேய்ந்தது. "மேல் தட்டுன்னீங்க..."

வள்ளிக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டாள். "கை நல்லாதான் இருக்கு உனக்கு. ஒரு சொட்டுகூட வெளிய போகலை" என்றாள்.

மேடம் கூப்பிட்டபோது கடுகு சுண்டைக்காயாகியிருந்தது. அருள்ராஜின் அறையில் டியூப்லைட் வெளிச்சம் கடலை மாவு மாதிரி முகத்தில் கொட்டியது. தூரத்தில் சுவர்க் காலண்டரின் தேதி சுத்தமாகத் தெரிந்தது. எதிரே நீட்டிய தாளில் ஓர் எழுத்து தெரியவில்லை. பாலில் எறும்பு மிதக்கிற மாதிரி ஏதோ அசைந்தது. மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பிக்கலாம். ஆனால் இது வேறு தாளாக இருந்தால்? மேடத்துக்குப் பின்னால் நின்ற அருள்ராஜுக்கு அவள் கண்ணைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. கண் வலி என்று சொல்லிவிடும்படி சைகை காட்டினார். தூரத்தில் நின்றதால் அந்தச் சைகை அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"மேடம், ஐ கான்ட் ரீட். ஐ ஆம் டைலேட்டட்."

வார்த்தை வெளியே போன பிறகுதான் ஸ்ரீரங்கராஜன் ஞாபகம் வந்தது. மேடம் எழுந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். யார் டைலேட் செய்தது என்று கேட்டார். கனிஷ்கா கதவோரம்தான் நின்றிருந்தாள். அவள் மூச்சு கேட்டது.

"ஐ டைலேட்டட் மீ, மேடம்."

பாட்டில்களைத் தட்டு மாற்றி வைத்தது வள்ளிக்கண்ணுதானே. மேடம் விளக்கம் கேட்டார். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில், தெரியாத இடங்களில் கையால், அந்த வழக்கத்தைச் சொன்னாள். ஃபர்ஸ்ட் டிராப் மை ஐ. ஆஃப்டர் ஒன்லி பேஷண்ட் ஐ. கை நடுங்கும் மேடம், பேஷண்ட் பாவம். மேடத்தின் முகம் பக்கத்தில் இருந்ததால் அது கோபமா இல்லையா என்று அவளால் பார்க்க முடியவில்லை. குரலில் கோபம் இருந்தது. தேவையில்லாமல் ஊழியர் கண்ணில் மருந்து விடுவது, அது எந்த மூடியாக இருந்தாலும், தவறு. இன்றோடு நிறுத்த வேண்டும் என்று அருள்ராஜைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். அருள்ராஜ், தானே கண்டுபிடித்த நியாயம் போலத் தலையாட்டினார்.

பிறகு மேடம் தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இப்போது உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டார்.

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எத்தனையோ பேரை அவள் டைலேட் பண்ணியிருக்கிறாள். தானே டைலேட் ஆகி இந்தப் பக்கம் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. பயம் போன இடம் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சுற்றிப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். காலண்டர் குட், மேடம் நோஸ் நாட் குட். தன் கை இருக்கிறது, ரேகை இல்லை. லைட்டைச் சுற்றி முடி முளைத்திருக்கிறது. படியில் இறங்கி வந்தபோது படி தெரிந்தது, படியின் விளிம்பு தெரியவில்லை. நோயாளிகள் ஏன் நெல் மிதிப்பது போல் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. மங்கலாகத் தெரியும் என்று மாதிரித் தாளில் போட்டிருக்கிறது, ஆனால் எது மங்கல், எது மங்கலில்லை என்று போடவில்லை. பஸ் போர்டு தெரியும், டிக்கெட் தெரியாது, அதனால் ஆள் தைரியமாகக் கிளம்பிவிடுகிறான். இருட்டில் உட்கார வைப்பது வெளிச்சம் மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால்தான் என்றும் இடையில் ஒரு தகவல் சொன்னாள். மேடம் நடுவில் புகுந்து, அப்படியெல்லாம் வெளிச்சம் மருந்தை உறிஞ்சாது, கூசும் என்பதால்தான் என்று திருத்தினார். வருஷக்கணக்கில் பாதித் திருச்சிக்குச் சொல்லிவிட்ட தகவல். வள்ளிக்கண்ணு வெட்கப்பட்டு, "ஓகே மேடம்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அருள்ராஜ் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் மேடமே கையை உயர்த்த வேண்டியதாயிற்று. முடிவைப் பிறகு தெரிவிப்பதாகச் சொன்னார். டைலேட் ஆனவள் மற்றவர்களுக்குச் சொட்டு விட முடியாது என்று அரை நாள் லீவும் கொடுத்து அனுப்பினார்கள். அது கரிசனமா, தண்டனையா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் தூரத்திலேயே தெரிந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்பதால் சில்லறை பொறுக்கும் சோதனை இல்லை. முந்தானையைக் கண்ணுக்கு மேல் கூரை மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காவேரிப் பாலம் ஏறியபோது போன் அதிர்ந்தது. அருள்ராஜ் அனுப்பிய மெசேஜாகத்தான் இருக்கும். அவர் எதையும் இங்கிலீஷில்தான் அனுப்புவார். போனில் பேச மாட்டார், எழுத்தில் இருந்தால்தான் ஆதாரம் என்பார்.

கையை நீட்டி வைத்துப் பார்த்தாள். பால். இன்னும் நீட்டினாள். கை அதற்கு மேல் நீளவில்லை. ஆற்றுக்கு அப்பால் ராஜகோபுரம், விளிம்பெல்லாம் ஒளி சிந்த, ஒவ்வொரு நிலையும் எண்ணிவிடலாம் போல நின்றது. கையிலிருக்கிற தன் தலையெழுத்து தெரியவில்லை.

இரண்டு சீட் தள்ளி, அவள் பக்கம் முகம் திரும்பி நின்றிருந்தாள் ஒரு காலேஜ் பெண். வள்ளிக்கண்ணு போனை அவளிடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பிடிச்சுக் காட்டறியாம்மா? கண்ணுக்கு மருந்து விட்டிருக்கு."

"நானே படிச்சுச் சொல்லவாக்கா?"

வள்ளிக்கண்ணு யோசித்தாள். இதை இன்னொருத்தர் வாயால் கேட்க மனமில்லை. "வேணாம். அங்கயே நின்னு பிடி. எழுத்தைப் பெருசு பண்ணு."

அந்தப் பெண் இரண்டு விரலை வைத்துத் திரையை விரித்தாள். "தெரியுதா?" "இன்னும்." இன்னும் விரித்தாள். எழுத்து பெரிதாகப் பெரிதாகத் திரையில் வார்த்தைகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை, திரை முழுக்க, கன்னங்கரேலென்று நின்றது. நாட்.

வள்ளிக்கண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீரின் வெளிச்சம் கண்ணில் குத்தியது. கண்ணில் நீர் வந்ததற்கு அது ஒரு காரணம்.

"தள்ளவாக்கா? இன்னும் இருக்கு."

"ம்."

விரல் தள்ளத் தள்ள வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. டு. பி. புட். ஸ்டாஃப். ஐஸ். ஊழியர் கண்ணில் விடக்கூடாது. அது தெரிந்த விஷயம்தான். யூ. வில். டீச். திஸ். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் திரை அலைந்தது. அந்தப் பெண் மறுபடி பிடித்து நிறுத்தினாள். அடுத்த வார்த்தை நீளமானது, திரையில் அடங்கவில்லை. முன்பாதி வந்தது, பின்பாதி வந்தது. ஸ்ரீ. ரங்கம்.

"மறுபடி காட்டு."

மறுபடி காட்டினாள். பின்னாலேயே இன்னொரு வார்த்தையும் வந்தது. இன்சார்ஜ். ஊழியர் கண்ணில் சொட்டு விடும் வழக்கத்தை ஆரம்பித்தவளே, அதை யாரும் செய்யக்கூடாது என்று ஸ்ரீரங்கம் கிளையில் எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டும். இன்சார்ஜாக. ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் யோசிக்கிற விதமே தனி. வள்ளிக்கண்ணு அதில் குற்றம் காணவில்லை. இதைவிடத் தகுதியான ஆள் யார் கிடைப்பார்கள் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

"நல்ல சேதியாக்கா?" போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் வந்ததும் அவள் முகம் மறைந்துபோய்க் குரல் மட்டும் மிஞ்சியது. "கண்ணுக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகலைம்மா, டைலேட் ஆயிருக்கேன்" என்று தொடங்கினாள் வள்ளிக்கண்ணு. கண்மணி என்றால் என்ன, அது ஏன் விரிய வேண்டும், விரிந்தால் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, ஜோதியின் பிரசவம், பக்கத்து வீட்டுக்காரர் இதயம், வெளிச்சம் மருந்தை உறிஞ்சாது என்கிற புதுச் செய்தி, மேடத்தின் மூக்கு. மாம்பழச்சாலை வந்தது, போயிற்று. அந்தப் பெண் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இறங்க வேண்டியது திருவானைக்கோயிலில். அது தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.